ஆளும் ஊரும் மலையும் ஒட்டவில்லையா? உருவப்படப் பின்னணிக் கோளாறுகளைச் சரிசெய்யும் வழி

நகரமும் அதற்குப் பின்னால் மலையும் தெரிய ஒருவரை வரைந்திருக்கிறீர்கள். ஏதோ இடிக்கிறது, எது என்று பிடிபடவில்லை. இந்த இடத்தில் பலரும் நேராக முகத்தில் கை வைப்பார்கள். கண்ணைத் திருத்துவார்கள், அதற்குத் தோதாக மூக்கை, மறுபடியும் கண்ணை. இரண்டு நாளில் சாயலும் போய்விடும். இப்படிக் கெட்டுப்போய் என்னிடம் வரும் படங்களில் பெரும்பாலும் கோளாறு ஆளின் தோளுக்குப் பின்னால்தான் இருக்கும்.

ஆகவே இங்கே எல்லா அறிகுறிக்கும் ஒரே வரிசை. முதலில் துடைத்தாலே போய்விடும் காரணம், அடுத்து ஒரு மணி நேர வேலை, கடைசியில் முகத்தையே திரும்ப வரைய வேண்டிய நிலை. உங்கள் படத்தில் தெரிவது எதுவோ அந்தத் தலைப்பிலிருந்து தொடங்குங்கள்.

## எதையும் தொடும் முன்

பிரஷ்ஷைக் கீழே வையுங்கள். மூன்று மீட்டர் தள்ளி நின்று கண்ணை இடுக்கிப் பாருங்கள். நுணுக்கங்கள் மறைந்து வெளிர் திட்டு, அடர் திட்டு மட்டும் மிஞ்சும். அந்த நிலையிலும் உங்கள் கண் முதலில் முகத்துக்குப் போக வேண்டும். அடுத்து, போனில் ஒரு படம் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். நிறத்தில் ஒளிந்திருக்கும் டோன் தவறுகள், அதாவது வெளிர்-அடர் அளவில் வரும் தவறுகள், அதில் அகப்படும். மூன்றாவதாக, படத்தைக் கண்ணாடியில் காட்டிப் பாருங்கள். சாய்ந்த கண்ணும் சரிந்த கட்டடமும் உடனே தெரியும்.

எந்த விளக்கில் பார்க்கிறீர்கள் என்பதையும் கவனியுங்கள். மஞ்சள் பல்பில் மலையின் நீலம் செத்துப்போகும். பகல் வெளிச்சத்தில் அதே மலை சரியாக இருந்தால் படத்தில் கோளாறே இல்லை.

கடைசியாக, படம் அக்ரிலிக்கா ஆயிலா என்பது நினைவில் இருக்கட்டும். அக்ரிலிக் மேல் ஆயில் பூசலாம். ஆயில் மேல் அக்ரிலிக் பூசினால் பிடிக்காது, பின்னால் உரியும். அவசரத் திருத்தத்துக்குக் கைக்குக் கிடைத்த டியூபை எடுப்பவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள்.

## அறிகுறி 1: ஆள் வெட்டி ஒட்டியது போல் நிற்கிறார்

அதிகம் வரும் புகார் இது. காரணம் நான்கு. இதே வரிசையில் பாருங்கள்.

### விளிம்பு முழுக்க ஒரே கூர்மையா?

இடது தோளில் விரலை வைத்துக் கழுத்து, காது, தலைமுடி வழியாக வலது தோள் வரை காற்றில் ஓட்டிப் பாருங்கள். வழிநெடுக விளிம்பு ஒரே மாதிரிக் கத்தி போல இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. கூர்மை தேவைப்படுவது ஒன்றிரண்டு இடங்களில்தான். வெளிச்சம் படும் கன்னம் அடர்ந்த பின்னணியைச் சந்திக்கும் இடம் அதில் ஒன்று. தலைமுடி, நிழல் பக்கத் தோள், பின்னணியும் உடையும் ஒரே டோனில் இருக்கும் இடம் ஆகியவற்றில் விளிம்பு கரைந்துபோகலாம், போகவும் வேண்டும்.

ஆயில் ஈரமாக இருந்தால், காய்ந்த மென்மையான பிரஷ்ஷை விளிம்புக்குக் குறுக்கே, பின்னணியிலிருந்து முடிக்குள் இழுங்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் பிரஷ்ஷைத் துணியில் துடைக்க வேண்டும். விளிம்போடு நெடுக இழுத்தால் புதிதாக ஒரு கோடுதான் விழும். ஆயில் காய்ந்துவிட்டதா? விரல் அகலத்துக்கு ஒரு பட்டை மட்டும் எண்ணெயைத் துளி தடவித் துடைத்துவிட்டு, முடியின் நிறத்தையும் பின்னணி நிறத்தையும் இருபுறமும் புதிதாக வைத்து ஈரத்திலேயே கலக்குங்கள்.

அக்ரிலிக்கில் அதற்கு நேரம் கிடைக்காது. முடிக்கும் மலைக்கும் நடுவிலான ஒரு நிறத்தைக் கலந்து, தேய்ந்துபோன பழைய பிரஷ்ஷால் விளிம்பின் மேல் விட்டு விட்டுத் தொடுங்கள். காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் இருந்தால் சிறிது சேர்க்கலாம்.

### ஒளி இரண்டு பக்கத்திலிருந்து வருகிறதா?

மூக்கின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது? கட்டடங்களில் எந்தச் சுவர் இருட்டு? இரண்டும் ஒரே பக்கமாக இருக்க வேண்டும். முகத்துக்கு ஜன்னலோரப் புகைப்படம், நகரத்துக்கு உச்சிவெயில் புகைப்படம் என்று எடுத்து வரைந்த படங்களில் இது கண்டிப்பாக உதைக்கும்.

மாற்ற வேண்டியது நகரத்தை. கட்டடங்களின் இருட்டுச் சுவரை இடம் மாற்ற ஒரு மாலை போதும். முகத்தின் ஒளியை மாற்றுவது புதுப்படம் வரைவதற்குச் சமம். சுவர்களையும் மாற்ற முடியாத அளவுக்கு நகரம் நுணுக்கமாக இருந்தால் ஒரு குறுக்குவழி உண்டு: பின்னணியை மேகமூட்டமாக்கிவிடுங்கள். வெயில் இல்லாத ஊரில் நிழலுக்குத் திசை கிடையாது, ஆகவே எந்த முகத்தோடும் அது சண்டை போடாது.

மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கும் காட்சி தனி வம்பு. அப்போது நம் பக்கம் தெரியும் மலைச்சரிவும் கட்டட முகப்பும் ஆளின் முகமும் எல்லாமே நிழலில்தான் இருக்கும். வெளிச்சம் முடியோரத்திலும் தோள் விளிம்பிலும் மெல்லிய கீற்றாக மட்டுமே விழும். முகம் முழுக்கப் பளிச்சென்று இருந்தால், சூரியனைப் படத்திலிருந்து எடுத்துவிட்டு வானத்தைப் பக்கவாட்டு வெளிச்சத்துக்கு மாற்றுவதே சிக்கனம்.

### நிறங்கள் ஒன்றுக்கொன்று அந்நியமா?

முகத்துக்கு ஒரு பேலட், பின்னணிக்கு வேறொரு பேலட் என்று கலந்திருப்பீர்கள். முகத்தைக் கையால் மறைத்துப் பாருங்கள். அந்த முகத்தில் உள்ள எந்த நிறமாவது ஊரில் எங்காவது இருக்கிறதா? இல்லை என்றால் தோல் நிறத்துக்குப் பயன்படுத்திய யெல்லோ ஓக்கர், பர்ன்ட் சியன்னா இரண்டையும் சாம்பல் சேர்த்துச் சில சுவர்களில் கொடுங்கள். வானத்தின் நீலத்தை முடியின் பளபளப்பிலும், தோளின் மேல்பரப்பிலும், நெற்றியின் நிழல் பக்கத்திலும் துளி சேருங்கள். துளி என்றால் துளிதான்.

### முகத்தை வெள்ளை கேன்வாஸில் முடித்துவிட்டீர்களா?

இதுதான் விலை அதிகம். சுற்றிலும் வெள்ளையாக இருக்கும்போது எந்தத் தோல் நிறமும் அடர்ந்து தெரியும். அதைப் பார்த்துக் கையும் வெளிர்ந்த நிறமாகவே வைத்துக்கொண்டு போகும். பின்னணி ஏறியதும் முகம் விளக்குப் போட்டது போல் எரியும். முதலில் பின்னணியின் அடர்த்தியைக் குறைத்துப் பாருங்கள். போதவில்லையா, முகம் நன்றாகக் காய்ந்த பிறகு பர்ன்ட் சியன்னாவை மீடியத்தில் (பெயின்ட்டை நீர்க்கவைக்கும் திரவம்) நீர்க்கக் கலந்து ஒரு கிளேஸ், அதாவது அடி நிறம் தெரியும்படியான மெல்லிய பூச்சு, கொடுத்து, மூக்கு நுனியிலும் கன்ன மேட்டிலும் மட்டும் துடைத்து எடுங்கள். இரண்டு கிளேஸுக்குப் பிறகும் எரிந்தால் முகத்தின் வெளிச்சப் பகுதிகளைத் திரும்பப் பூசுவதைத் தவிர வழியில்லை. அடுத்த படத்துக்குக் கேன்வாஸை நடுத்தரச் சாம்பலிலோ மண் நிறத்திலோ முன்கூட்டியே பூசிவிட்டால் இந்தத் தொல்லை வராது.

## அறிகுறி 2: ஆள் பூதமாகவும் ஊர் பொம்மையாகவும் தெரிகிறது

முகத்தின் அளவைச் சந்தேகிக்காதீர்கள். அடிவானக் கோட்டைத் தேடுங்கள். அது ஓவியரின் கண்மட்டம். படத்தில் ஆளுக்கும் ஊருக்கும் ஒரே ஒரு கண்மட்டம்தான் இருக்க முடியும்.

முதல் சோதனை, ஸ்கேல். தலைக்கு இடப்பக்கம் தெரியும் அடிவானமும் வலப்பக்கம் தெரியும் அடிவானமும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா? தலை நடுவில் மறைப்பதால் இது அடிக்கடி தப்பும். மோனா லிசாவிலும் இடப்பக்க அடிவானம் வலப்பக்கத்தைவிடத் தாழ்ந்தே இருக்கிறது. ஆனால் அங்கே பின்னணி பாறையும் நீரும் வளைந்த பாதையும். உங்கள் பின்னணியில் நேர்கோடுகளாலான ஊர் இருக்கிறது. அது காட்டிக்கொடுத்துவிடும்.

இரண்டாவது சோதனை, வாசல். சமதளத் தெருவில் நின்று பார்க்கும் காட்சி என்றால், நிற்பவரின் கண்மட்டம் தரையிலிருந்து சுமார் 1.5 மீட்டர். சாதாரண வாசல் சுமார் 2.1 மீட்டர். ஆகவே பக்கத்துக் கட்டடமோ நாலு தெரு தள்ளிய கட்டடமோ, எல்லாவற்றிலும் அடிவானக் கோடு தரைத்தள வாசலின் முக்கால் உயரத்தில் வெட்ட வேண்டும். உங்கள் படத்தில் அது ஐந்தாம் மாடியை வெட்டுகிறதா? அப்படியானால் பார்ப்பவர் அந்த உயரத்தில் இருக்கிறார். ஆளும் அங்கேதான் நிற்க வேண்டும்.

இதற்கு மலிவான மருந்து ஒன்று இருக்கிறது. ஆளுக்கும் ஊருக்கும் நடுவே ஒரு கைப்பிடிச்சுவர் போட்டுவிடுங்கள். ஆள் மொட்டைமாடிக்கு வந்துவிடுவார், ஊர் கீழே இறங்கிவிடும், நடுவில் உள்ள தூரத்தைக் காட்ட வேண்டிய அவசியமே இல்லை. 1435 வாக்கில் பிளெமிஷ் ஓவியர் யான் வான் ஐக் வரைந்து, இப்போது பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கும், சான்சலர் ரோலின் என்ற அதிகாரி மரியாளை வணங்கும் படம் இதற்கு நல்ல பாடம். முன்னால் பெரிய உருவங்கள், பின்னால் ஆறு, பாலம், நெருக்கமான நகரம், தொலைவில் பனிமலை. இரண்டுக்கும் நடுவே மூன்று வளைவுகள், ஒரு சிறு தோட்டம், ஒரு மதில். அந்த மதிலருகே இருவர் நிற்கிறார்கள், ஒருவர் ஊரை எட்டிப் பார்க்கிறார். அளவு இடிக்கவே இல்லை.

மூன்றாவது, மலையடிவாரம். மலையின் அடிவாரத்தை அடிவானமாக எடுத்துக்கொண்டு கட்டடக் கோடுகளை அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பவர்கள் உண்டு. ஊர் மலையை நோக்கி மேடேறினால் அடிவாரம் கண்மட்டத்துக்கு மேலேயே இருக்கும். சமதளமான கட்டடக் கூரைகளின் கோடுகளை நீட்டிப் பாருங்கள். அவை சந்திக்கும் உயரமே உண்மையான அடிவானம்.

கோடுகள் எதுவும் எங்கும் சந்திக்கவில்லை என்றால் ஒட்டுப்போட்டுப் பயனில்லை. நகரத்தை மட்டும் அழித்துவிட்டு, அடிவானத்தைப் பென்சிலில் போட்டு மறுபடி தொடங்குங்கள். பல மாடிகளும் வளைந்த தெருவும் உள்ள சிக்கலான காட்சி என்றால், கட்டட வரைபடம் போடத் தெரிந்த ஒருவரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கோடு போட்டு வாங்கிக்கொள்வது நேர மிச்சம்.

## அறிகுறி 3: மலை முன்னால் வந்து நிற்கிறது

கருப்புக் காகிதத்தில் பட்டாணி அளவு துளை போட்டு, அதன் வழியே மலையின் அடர்ந்த இடத்தைப் பாருங்கள். பிறகு ஆளின் முடியை. இரண்டும் ஏறக்குறைய ஒரே அடர்த்தி என்றால் விஷயம் அங்கேயே முடிந்தது. மலையில் உள்ள ஆழ்ந்த நிழல்கூட ஊரின் நிழலைவிட வெளிர்ந்திருக்க வேண்டும். ஊரின் நிழல் ஆளின் நிழலைவிட வெளிர்ந்திருக்க வேண்டும். மூன்று படிகள். இதில் ஒரு படி புரண்டாலும் மலை நடந்து வந்துவிடும்.

வெள்ளையோடு அல்ட்ராமரைன் நீலம், நீலத்தைக் கொஞ்சம் அடக்க ஒரு துளி பர்ன்ட் சியன்னா. இந்தக் கலவையைக் காய்ந்த பிரஷ்ஷில் மிகக் குறைவாக எடுத்து மலை முழுக்கத் தேய்த்துவிடுங்கள். அடிவாரத்தில் கூடுதலாக, சிகரத்தில் குறைவாக. ஊருக்கும் மலைக்கும் நடுவே புகை மண்டிய ஒரு பட்டை உருவாகும். அந்தப் பட்டைதான் தூரம்.

எவ்வளவு நீலம் என்று கேட்பவர்களுக்கு லியொனார்டோ டா வின்சியின் குறிப்புகளில் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு மதிலுக்குப் பின்னால் வெவ்வேறு தூரத்தில் தெரியும் கட்டடங்களில், ஐந்து மடங்கு தள்ளிக் காட்ட வேண்டியதை ஐந்து மடங்கு நீலமாக்கச் சொல்கிறார். அப்படியே அளந்து பூச வேண்டியதில்லை. ஆனால் ஊரில் துளி நீலம்கூட இல்லாமல் மலையில் மட்டும் திடீரென்று நீலத்தைக் கொட்டுவது தவறு என்பதற்கு இதைவிட நல்ல கணக்கு கிடையாது.

பனி படர்ந்த சிகரம் என்றால் ஒரு எச்சரிக்கை. தூரத்தில் அடர்ந்த பொருட்கள் நீலமாகும். வெள்ளைப் பொருட்கள் அப்படி ஆகாது. வெயில் படும் தூரத்துப் பனி சற்றே மங்கி, மஞ்சள் அல்லது இளஞ்சிவப்புச் சாயலுக்குப் போகும். டியூபிலிருந்து எடுத்த சுத்த டைட்டேனியம் வெள்ளையைச் சிகரத்தில் வைத்தால் படத்திலேயே வெளிச்சமான இடம் அதுவாகிவிடும், முகம் தோற்றுவிடும். சிகரத்தின் மேல் விளிம்பை முழுக்கக் கூர்மையாக விடாமல் ஓரிரு இடத்தில் வானத்தோடு கரையுங்கள்.

## அறிகுறி 4: கண் முகத்தில் நிற்காமல் ஊருக்குள் அலைகிறது

ஜன்னல்கள். வேறு எதையும் தேட வேண்டாம். ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒவ்வொரு மாடிக்கும் நான்கு மூலையோடு ஜன்னல் போட்டிருப்பீர்கள். ஒரு கட்டடத்தில் மூன்று நான்கு ஜன்னல்களை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவற்றை அந்தச் சுவரின் நிறத்துக்குச் சற்றே அடர்ந்த நிறத்தால் மூடுங்கள். பார்ப்பவர் மீதியைத் தானே நிரப்பிக்கொள்வார். இரவு நகரம் என்றால் எல்லா விளக்குப் புள்ளிகளும் ஒரே பிரகாசத்தில் இருக்கக் கூடாது. முகத்துக்கு அருகே சில பிரகாசமானவை, ஓரங்களில் மங்கலானவை.

அதற்குப் பிறகும் அலைந்தால், விளம்பரப் பலகை, சிவப்புக் கூரை போன்ற சுத்த நிறத் திட்டுகளைப் பாருங்கள். அவற்றின் எதிர்நிறத்தை (சிவப்புக்குப் பச்சை போல) துளி கலந்து அடக்குங்கள். தெருக் கோடுகள் படத்தின் ஓரத்துக்குக் கண்ணை இழுத்துக்கொண்டு போகின்றனவா என்றும் பாருங்கள். ஓரத்தில் முடியும் கோட்டை ஒரு மரத்தாலோ புகையாலோ துண்டித்துவிடலாம்.

## அறிகுறி 5: தலையில் கோபுரம் முளைத்திருக்கிறது

உச்சந்தலைக்கு நேர் மேலே ஒரு கட்டடமோ சிகரமோ இருந்தால் அதை இடம் மாற்றுங்கள். மலைமுகட்டுக் கோடு தலையின் உச்சியைத் தொட்டும் தொடாமலும் போனால் ஒன்று நன்றாக மேலே ஏற்றுங்கள், இல்லை காதுக்குக் கீழே இறக்குங்கள். ஆளின் கண்களுக்கு நேராக மட்டும் விடாதீர்கள், தலையை அறுப்பது போல் இருக்கும். இதற்கு வேறு வைத்தியம் இல்லை. ஆளைவிட மலையை நகர்த்துவது எளிது.

## அறிகுறி 6: உருவத்தைச் சுற்றி வெளிறிய வளையம்

ஆளை முடித்துவிட்டுப் பயந்து பயந்து பின்னணியைச் சுற்றிப் பூசியதன் அடையாளம். இடையில் கேன்வாஸின் வெள்ளை எட்டிப் பார்க்கிறது என்றால், அந்த இடுக்கைப் பின்னணி நிறத்தால் உருவத்துக்குள் சற்றே ஏற்றி மூடிவிட்டு, உருவத்தின் விளிம்பை அதன் மேல் திரும்பக் கொண்டுவாருங்கள்.

வெள்ளை எதுவும் தெரியவில்லை, ஆனாலும் வளையம் தெரிகிறது என்றால் பக்கவாட்டில் விளக்கைப் பிடித்துப் பாருங்கள். பிரஷ் அடிகள் உருவத்தின் ஓரத்தோடு சுற்றிச் சுற்றிப் போயிருக்கும், பெயின்ட் வரப்பு போல் எழும்பியிருக்கும். நிறத்தை மாற்றி மாற்றிப் பூசினாலும் அந்த வரப்பு மறையாது. காய்ந்த பிறகு நுண்ணிய உப்புத்தாளை நனைத்து மெதுவாகத் தேய்த்துச் சமன்படுத்தி, இந்த முறை அடிகளைக் குறுக்கே போடுங்கள். ஈய வெள்ளை கலந்த படமாக இருந்தால் தேய்க்கவே வேண்டாம். அந்தத் தூள் நஞ்சு.

## அறிகுறி 7: பின்னணி முடிந்ததும் சாயல் போய்விட்டது

முகத்தைத் தொடவே இல்லை, ஆனால் ஆள் மாறிவிட்டார் என்பார்கள். நம்பலாம். பின்னணி பூசும்போது கன்னக் கோடோ தாடைக் கோடோ ஒரு நூல் உள்ளே தள்ளப்பட்டிருக்கும். முகத்தின் அகலம் குறைந்தால் கண்கள் பெரிதாகத் தெரியும், ஆள் இளைத்துவிடுவார். ஆரம்ப ஸ்கெட்சின் போட்டோ இருந்தால் அதே அளவுக்குப் பெரிதாக்கி, காதிலிருந்து காதுக்கு, கண்ணிலிருந்து தாடைக்கு என்று டிவைடரால் ஒப்பிடுங்கள். போன இடத்தை வெளிவிளிம்பில் மட்டும் திரும்பப் பிடித்தால் போதும்.

அளவுகள் சரியாக இருந்தும் சாயல் இல்லையா? மாதிரிப் புகைப்படத்தைச் சந்தேகியுங்கள். கைநீட்டும் தூரத்தில் போனில் எடுத்த முகத்தில் மூக்கு பெருத்து, காதுகள் பின்வாங்கி இருக்கும். இரண்டு மீட்டருக்கு மேல் தள்ளி நின்று, ஜூம் செய்து, வேறொரு படம் எடுத்துப் பாருங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்தால் முகத்தைத் திரும்ப வரைய வேண்டியதுதான். ஒரு சமாதானமும் உதவாது. ஒருவருக்காக வரையும் படம் என்றால், தொடங்கும் முன் அந்த ஆளை நேரில் ஒரு மணி நேரம் உட்கார வையுங்கள். அதற்கு வழியில்லை, இரண்டு முறை வரைந்தும் சாயல் சிக்கவில்லை என்றால் உருவப்படத்தில் கைதேர்ந்த ஒருவரிடம் காட்டிவிடுங்கள். புதிதாகப் பார்க்கும் கண் ஒரு நிமிடத்தில் சொல்வதை நாம் ஒரு வாரம் தேடிக்கொண்டிருப்போம்.

## அறிகுறி 8: பரப்பில் வரும் கோளாறுகள்

அடர்ந்த இடங்கள் பளபளப்பு இழந்து சுண்ணாம்பு பூத்தது போல் மங்கல். ஆயிலில் அடிக்கடி நடப்பது. கீழ்ப்பூச்சு எண்ணெயை உறிஞ்சிவிட்டது. படம் தொட்டால் ஒட்டாத அளவு காய்ந்ததும், ஆளிவிதை எண்ணெயையும் டர்பன்டைனையும் கலந்து மெல்லத் தடவி, கூடுதலைத் துணியால் ஒற்றி எடுங்கள். நிறம் மீண்டு வரும். மங்கிய நிலையைப் பார்த்துவிட்டு நிறத்தைத் திருத்தாதீர்கள், வார்னிஷ் ஏறியதும் அந்தத் திருத்தம் தனியாகத் தெரியும்.

காய்ந்த பிறகு எல்லாமே ஒரு படி அடர்த்தி. அக்ரிலிக்கின் குணம். ஈரத்தில் பால் போல இருக்கும் அதன் பசை காய்ந்ததும் தெளிவாகிவிடும். கலவையை ஒரு துண்டுக் காகிதத்தில் பூசி, காயவைத்துப் பார்த்துவிட்டு மலையில் வையுங்கள்.

கேன்வாஸ் தொய்வு. சட்டத்தின் மூலைகளில் உள்ள மர ஆப்புகளைச் சுத்தியால் மெதுவாகத் தட்டுங்கள். ஆப்பு இல்லாத சட்டம் என்றால் பிரேம் போடுபவரிடம் கொடுத்து இழுத்துக் கட்டச் சொல்லுங்கள்.

வெடிப்பு. எண்ணெய் அதிகமுள்ள பூச்சின் மேல் எண்ணெய் குறைந்த பூச்சு ஏறினால் வரும். ஜிங்க் வெள்ளையைத் தடிமனாகப் பூசினாலும் வரும், அந்த வெள்ளை காய்ந்தால் நொறுங்கும் தன்மை கொண்டது. வானத்தில் தலைமுடி அளவு வெடிப்பு ஒன்றிரண்டு என்றால் அப்படியே விடலாம். உங்கள் படம்தானே, முகத்தில் என்றால் சுரண்டிவிட்டுத் திரும்பப் பூசலாம்.

பெயின்ட் செதிலாகக் கிளம்புகிறது, பின்பக்கம் பூஞ்சை பிடித்திருக்கிறது, கேன்வாஸ் கிழிந்திருக்கிறது, அல்லது படம் வேறொருவர் வரைந்த பழைய குடும்பப் படம் என்றால் எதையும் தடவாமல், தட்டாமல், துடைக்காமல் படுக்கை வாக்கில் முகம் மேலே இருக்கும்படி வைத்துவிட்டு, ஓவியப் பாதுகாப்பு நிபுணரைக் கூப்பிடுங்கள். உதிர்ந்த செதில்கள் இருந்தால் ஒரு காகித உறையில் எடுத்து வையுங்கள். அவர் முதலில் கேட்பது அதைத்தான்.